பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

எங்கள் வீட்டில் கொஞ்ச காலமாகத் திட்டு செந்தமிழில்தான் விழுகிறது.

"தாங்கள் நேற்றும் குப்பையை வெளியே வைக்கவில்லை" என்று சமையலறையிலிருந்து ஒரு பெண்குரல் வரும். வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்பவரின் குரல். ஏற்றமில்லை, இறக்கமில்லை, என் மேல் கோபம்கூட இல்லை. அது என் மனைவியின் கைப்பேசி. தொண்டையில் வந்த கட்டிக்காக அவளுடைய குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது அவள் தட்டுகிறாள், கைப்பேசி வாசிக்கிறது.

ஆரம்பத்தில் பேசுகிற மாதிரிதான் தட்டினாள். அந்த இயந்திரப் பெண்மணிக்குப் பேச்சுத்தமிழ் பிடிபடவில்லை. "சாப்ட்டீங்களா" என்பதை வாய் நிறையக் கல்லைப் போட்டுக்கொண்ட மாதிரி வாசித்தாள். என் மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. உடம்பு முடியாமல் முன்கூட்டியே ஓய்வு வாங்கியவள். யார் தப்பாக வாசித்தாலும் அவளுக்குப் பொறுக்காது, இயந்திரமானாலும். ஆகவே இலக்கண சுத்தமாகத் தட்டத் தொடங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து 'ஏங்க'வாக இருந்த நான் ஒரே வாரத்தில் 'தாங்கள்' ஆனேன். பதவி உயர்வு என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். சத்தம் வரவில்லை. அந்த நகைச்சுவையை நான் மறுபடி சொல்லவில்லை.

அறுவைக்கு முன்பே எங்களுக்கு ஒரு வழி சொல்லியிருந்தார்கள். மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி, "அக்கா, இப்பவே ரெக்கார்ட் பண்ணி வச்சுக்கிட்டா பிறகு போன் ஒங்க குரல்லயே பேசும்லா. ஒரு மணி நேரம் தெளிவா இருந்தா போதும்" என்றாள். அதற்குள் மனைவியின் குரல் உப்புத்தாள் தேய்க்கும் சத்தமாகியிருந்தது.

"இந்தக் குரலையா?" என்றாள் என் மனைவி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "பழசு ஒங்க பொட்டியில இருக்குல்ல?"

"இருக்கு" என்றேன், வங்கி மேலாளரின் தோரணையில். "முழுசா இருக்கு. பத்திரமா இருக்கு."

இருந்ததும் உண்மைதான். அவள் வேலை பார்த்த பள்ளி ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக்குள் இருந்தது. ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனையும் வீடமைப்பும் வந்தபிறகு பெற்றோர்களெல்லாம் டவுனில் வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் வாசித்துக் காட்ட ஆளில்லை. அதற்காக இவள் சனி ஞாயிறுகளில் என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒலிவாங்கியை வாயருகே பிடித்துக்கொண்டு, பாடம் பாடமாக வாசித்துப் பதிந்தாள். வருடக்கணக்கில். நான் அதையெல்லாம் சி.டி.யில் ஏற்றிக் கொடுப்பேன். அந்த சி.டி.க்களை நம் மலேசிய ஈரக்காற்றில் பூஞ்சை தின்றுவிட்டது. மூலப்பதிவு என் கம்ப்யூட்டர் பெட்டியில்.

வேறெங்கும் அவள் குரல் இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் தேடினேன். வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. "பேசணும்னா நேர்ல வந்து பேசட்டும்" என்பாள். வீட்டுக் காணொளிகளை எடுத்துப் பார்த்தேன். பிறந்தநாள், கோயில் பூச்சட்டித் திருவிழா, பினாங்குப் பயணம். எல்லாவற்றிலும் ஒரே ஒருவன் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறான். கேமராவைப் பிடித்திருப்பவனும் அவன்தான். என் மனைவி அதில் தலையாட்டுகிறாள், நகரச் சொல்லிக் கையைக் காட்டுகிறாள், ஓரிடத்தில் வாயைத் திறக்கிறாள். அந்த இடத்தில் நான் பினாங்குப் பாலத்தின் பொறியியல் சிறப்பை விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

அதனால் எல்லாம் அந்தப் பெட்டியில்தான். பெட்டியைப் பற்றிச் சொல்வதென்றால் எங்கள் கூட்டத்தைச் சொல்லியாக வேண்டும்.

அந்தக் காலத்தில் ஈப்போவில் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்தவனை அவன் மோட்டார் சைக்கிளை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். கப்சாய் என்கிற சின்ன மோட்டாரின் பின்சீட்டில் கட்டுக்கம்பி கட்டுவதுபோல ரப்பர் கயிற்றால் இறுக்கிக் கட்டிய சி.பி.யு. பெட்டி. மழை வந்தால் ஓட்டுகிறவன் நனைவான், மழைச்சட்டை பெட்டிக்குப் போகும். அவன் போகிற இடமும் ஒன்றுதான். பழைய டவுனில் ஒரு தமிழ் முஸ்லிம் அண்ணன் நடத்திய சாப்பாட்டுக் கடை. அவருக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் எங்களுக்காகப் பின்பக்கத்து மேசைகளுக்கு மின்சார ஒயர் இழுத்துக் கொடுத்தார். ரொட்டி சானாய் தட்டுக்குப் பக்கத்தில் மதர்போர்டு கிடக்கும். பருப்புக் குழம்புக் கையோடு மெமரியைப் பிடுங்கிய ஒருவனை ரொம்ப நாள் நாங்கள் சேர்த்துக்கொள்ளவேயில்லை.

யாரிடமும் எதுவும் முழுதாக இருக்காது. ஒருவனிடம் சவுண்ட் கார்டு இருக்கும், ஸ்பீக்கர் இருக்காது. இன்னொருவனிடம் ஸ்பீக்கர் இருக்கும், கம்ப்யூட்டரே இருக்காது. கூட்டத்தில் பாதிப்பேர் தோட்டத்துப் பிள்ளைகள். எங்கள் அப்பாமார் துரையின் இயந்திரத்தைத் தொட்டாலே சம்பளத்தில் பிடிப்பார்கள். அதனாலோ என்னவோ, எந்தச் சாமானையும் திருகாணி கழற்றாமல் எங்களால் பார்க்க முடியாது. எங்கள் பெட்டியை வெளியாள் கழற்றவும் விடமாட்டோம். கடைக்கு ரிப்பேருக்குக் கொடுத்தவன் என்று ஒருவனைச் சொல்லிவிட்டால் அது கெட்டவார்த்தை. பெட்டியின் பக்கக் கதவை மூடி வைப்பதும் கௌரவக் குறைவுதான். கதவைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் போட்டுவிட்டு, திறந்த வயிற்றுக்கு நேராக மேசை விசிறியைத் திருப்பி வைப்போம். வீட்டில் மனைவி மக்கள் வேர்த்துக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் ஒரே சாமி வேகம். எங்கே போவதற்கு இத்தனை வேகம் என்று யாரும் கேட்டதில்லை. என் உயிர்நண்பன் அப்போது பெரிய காம்ப்ளெக்ஸ் ஒன்றின் மாடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். சொந்தத்தில் மச்சானில்லை, பழக்கத்தில் மச்சான். அவன் ஒருநாள் ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து நான்கு ஹார்ட் டிஸ்க் எடுத்து வந்தான். ஒரே ரகம், ஒரே தொகுதி. ஆளுக்கு இரண்டு. இரண்டு டிஸ்க்கையும் ஒன்றாகக் கோர்த்துவிட்டால் கம்ப்யூட்டர் அதை ஒரே டிஸ்க்காக நினைத்துக்கொள்ளும். எழுதுவதைப் பாதி இதில், பாதி அதில் என்று மாற்றி மாற்றிப் போடும். இரண்டு கையாலும் அள்ளிச் சாப்பிடுகிற மாதிரி, இரட்டை வேகம்.

இதில் ஒரு சின்ன விஷயம் உண்டு. ஒரு டிஸ்க் போனால் மற்றதிலுள்ளதும் போன மாதிரிதான். ஒவ்வொரு பதிவும் நறுக்கப்பட்டு ஒன்றுவிட்ட துண்டாக இரண்டு பக்கமும் கிடப்பதால், தனியாக எதிலும் முழுசு இல்லை. இது எங்களுக்குத் தெரியும். பெட்டியிலேயே எச்சரித்து அச்சடித்திருந்தான். நாங்கள்தான் எச்சரிக்கையைக் கோழைகளுக்கானது என்று எடுத்துக்கொண்டோம்.

அப்படிக் கோர்த்த டிஸ்க்கில்தான் என் மனைவி வாசித்தாள். அவள் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பாடம் வாசித்துக்கொண்டிருக்கும்போதே நானும் மச்சானும் பின்னால் நின்று, "பாத்தியா வேகத்த? பாத்தியா?" என்று குசுகுசுப்போம். அவள் திரும்பிப் பார்த்து ஏதாவது சொல்லி அடக்குவாள். வாக்கியத்தைத் திரும்ப முதலிலிருந்து வாசிப்பாள்.

ஆயுத பூசைக்கு நாங்கள் பெட்டிக்கும் பூசை போடுவோம். வீட்டுக்கு வீடு மோட்டாருக்கும் காருக்கும் எலுமிச்சம்பழம் வைக்கும்போது எங்கள் ஆயுதத்துக்கு மட்டும் ஏன் வைக்கக்கூடாது? முதல் வருடமே ஒரு சர்ச்சை வந்தது. ஹார்ட் டிஸ்க்குக்கு எது முகம்? வழவழப்பாகத் தகடு மூடிய பக்கமா, பச்சைப் பலகையில் சில்லுகள் தெரிகிற பக்கமா? சாப்பாட்டுக் கடையில் ஒரு சாயங்காலம் முழுக்க விவாதித்தோம். தகடு முதுகு, கண் மூக்கு மாதிரி தெரிவது பச்சைப் பக்கம், ஆகவே அதுதான் முகம் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். கரைத்த சந்தனத்தைத் தொட்டு அந்தப் பச்சைப் பலகையில் வைத்து, மேலே குங்குமம் வைத்தேன். வருடா வருடம் வைத்தேன். மேல் டிஸ்க்குக்கு மட்டும். கீழ் டிஸ்க்குக்குக் கை எட்டவில்லை.

"ஒண்ணுக்கு வச்சுட்டு இன்னொண்ண விட்டா அது கோவிச்சுக்காதா?" என்று மனைவி கேட்டாள்.

"ரெண்டும் ஒண்ணுதான். நான்தான் கோர்த்துட்டேன்ல" என்றேன்.

காலம் போனது. மடிக்கணினி வந்தது, கைப்பேசி வந்தது. கூட்டத்தில் ஒருவன் சிங்கப்பூர் போனான், ஒருவன் சித்தியவானில் கோழிப்பண்ணை வைத்தான். சாமான்களைத் திறந்து பார்ப்பதற்குத் திருகாணியே இல்லாமல் பசை போட்டு ஒட்ட ஆரம்பித்தார்கள். மச்சானின் காம்ப்ளெக்ஸ் மாடி முதலில் கைப்பேசி உறை விற்கும் இடமானது, பிறகு எதுவும் விற்காத இடமானது. அவன் வீடுகளுக்குக் குளிர்சாதன ஏர்கோன் மாட்டும் வேலைக்குப் போய்விட்டான். என் பெட்டி குனோங் ராபாட்டில் எங்கள் தெரஸ் வரிசை வீட்டு மாடிப்படிக்குக் கீழே குடிபுகுந்தது. அடுத்த வாரம் எல்லாவற்றையும் புதிதுக்கு மாற்றிவிட வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். அந்த அடுத்த வாரம் பல வருடங்களாக அடுத்த வாரமாகவே இருந்தது.

மனைவி மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு ஒரு காலையில் பெட்டியை வெளியே இழுத்தேன். துடைத்தேன். அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், கழுத்தில் துணி சுற்றி, ஏதோ பிரசவ அறை வாசலில் காத்திருக்கிற மாதிரி முகத்தோடு. சுவிட்சைப் போட்டேன். விசிறி சுற்றியது. பிறகு பட்டென்று ஒரு சத்தம், மேல் டிஸ்க்கிலிருந்து கோடு மாதிரி ஒரு புகை. சந்தனமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து கருகினால் ஒரு வாசனை வரும். உங்களுக்கு அது தெரியாமலே இருக்கட்டும்.

கழற்றிப் பார்த்தேன். பச்சைப் பலகையில், வருடக்கணக்கில் நான் வைத்த பொட்டின் இடத்தில், செம்புக் கோடுகள் அரித்துப் போயிருந்தன. சந்தனத் தண்ணீரும் குங்குமத்துச் சுண்ணாம்பும் வேலையைக் காட்டிவிட்டன. பொட்டு வைக்காத கீழ் டிஸ்க் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது.

மனைவி தட்டினாள். மரண அறிவித்தல் குரல் சொன்னது: "கோலாலம்பூரில் இதற்கென்றே ஒரு நிலையம் உள்ளதாம். அங்கு அனுப்புங்கள்."

"பலகைதான் போயிருக்கு. உள்ள பதிவு இருக்குற தட்டு நல்லாதான் இருக்கு. இதே மாதிரி இன்னொரு டிஸ்க் கெடைச்சா அதோட பலகைய மாத்திடலாம். நானே பாத்துக்குறேன்."

"தாங்கள் பார்த்தது போதும்."

நான் கேட்கவில்லை. ஊரான் என் பெட்டியைக் கழற்றுவதா?

முதலில் இந்தக் காலத்து வழியில் போனேன். இணையத்தில் கம்ப்யூட்டர் கட்டுகிறவர்களின் குழு ஒன்று இருக்கிறது. எங்கள் சாப்பாட்டுக் கடையைப் போல ஆயிரம் மடங்கு பெரியது, ஒரு வாய் தண்ணீர் கிடைக்காது. அங்கே ஆளாளுக்குக் கண்ணாடிப் பெட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே மீன்தொட்டி மாதிரி கலர் விளக்கு. சாமான் பார்சலில் வருகிறது, படம் எடுக்கிறார்கள், மூடி வைக்கிறார்கள். நாங்கள் கதவைக் கழற்றினோம், அவர்கள் கதவைக் கண்ணாடியாக்கிவிட்டார்கள். பார்க்கலாம், கை வைக்கக்கூடாது. என் டிஸ்க்கின் படத்தைப் போட்டு, இதே ரகம் யாரிடமாவது இருக்கிறதா, ஒரு மனிதரின் குரல் இதில் இருக்கிறது என்று எழுதினேன். பதில்கள் பொழிந்தன. "பேக்கப் இல்லையா அங்கிள்?" என்றார்கள். இன்னொருவர் டிஸ்க்கின் மேலிருந்த சிவப்புக் கறை என்னவென்று கேட்டார். பொட்டு என்றேன். அதற்குச் சிரிக்கிற முகங்கள் வந்து குவிந்தன. என் எழுத்துக்கு இதுவரை அத்தனை வரவேற்பு கிடைத்ததில்லை.

அப்புறம்தான் மூளை வேலை செய்தது. நான்கு டிஸ்க்கில் இரண்டு மச்சானிடம் போனதல்லவா?

"என்ன மச்சான், அந்த ரெண்டு டிஸ்க்கு இன்னும் வச்சிருக்கியா?"

போனில் அவன் ஏணி மேல் நின்று பேசுவது கேட்டது. "எந்த டிஸ்க்கு? ஓ, அதுவா! குடுத்துட்டேன் மச்சான். நம்ம சாப்பாட்டுக் கடை அண்ணன் மகன் இருக்கான்ல, அவன் பழைய சாமான் கேட்டான். கபே போட்டிருக்கான்லா."

"சத்தியமா அவன்ட்டதான் இருக்கா?"

"இருக்கு இருக்கு. நான்தான் பாத்தேனே. மேசையில இருக்கு."

மேசையில் இருக்கிறது என்றால் மேசைமேல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மோட்டாரை எடுத்தேன்.

கடைக்கார அண்ணன் காலமான பிறகு மகன் கடையைச் சுரண்டிப் பூச்சைக் கழற்றிச் செங்கல்லைத் தெரியவிட்டிருந்தான். ஈப்போவில் இப்போது சுவர் எவ்வளவு மோசமாக இருக்கிறதோ அவ்வளவு கூட்டம். வாரக்கடைசியில் கோலாலம்பூர்க்காரர்கள் வரிசையில் நின்று அந்தச் சுவரோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் உட்காரும் பின்பக்கத்தில் ஒரு நீளமான மேசை போட்டிருந்தான். கண்ணாடி மாதிரி பளபளத்தது. குனிந்து பார்த்தேன். உள்ளே, மீன் உறைந்த ஐஸ்கட்டி மாதிரி, எங்கள் காலம் கிடந்தது. மதர்போர்டுகள், மெமரிகள், யாரோ ஒருவனின் சவுண்ட் கார்டு. நடுவில் பச்சை முகத்தை மேலே காட்டிக்கொண்டு, அருகருகே, என் டிஸ்க்கின் உடன்பிறப்புகள் இரண்டு. அதன்மேல் ஒரு தம்பதி வெள்ளைக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பசை ஊத்தி எறுக வச்சதுண்ணே" என்றான் கடைக்காரரின் மகன் பெருமையாக. "ஒங்க ஞாபகமாத்தான் செஞ்சேன். அத்தா சொல்லிக்கிட்டே இருப்பாரு, அந்தப் பயலுவ வந்தா கடையே களை கட்டும்னு. அதான் ஒங்கள எல்லாம் பத்திரமா வச்சிருக்கேன்."

அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டேன். என் வாழ்நாளில் இது அரிது. மெதுவாகச் சொன்னேன். டிஸ்க், பலகை, மனைவியின் குரல். சொல்லச் சொல்ல அவன் முகம் மாறியது.

"அக்கா எங்க கடைக்கு வருவாங்களே. அத்தாவ 'காப்பியில சீனி கொறைங்க'ன்னு அதட்டுவாங்க." மேசையைத் தடவிக்கொண்டு நின்றான். பிறகு, "திங்கக்கெழம கடை லீவுண்ணே. வந்து வெட்டிக்குங்க."

திங்கட்கிழமை மச்சான் ஏர்கோன் வேனில் சாமான்களோடு வந்தான். சூட்டுக் காற்றுத் துப்பாக்கி, ரம்பம், உளி. என் மனைவியும் வந்து ஓரமாக உட்கார்ந்தாள். மேசையின் நடுவில் ஒரு சதுரத்தை அறுத்து எடுத்தோம். அறுக்கும் சத்தத்தில் கடைக்காரரின் மகன் கண்ணை மூடிக்கொண்டான்.

"மெதுவா மச்சான், மெதுவா."

"ஒனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா? நான் இதவிட எறுகின பிசின எல்லாம் கழட்டியிருக்கேன்லா."

"எப்ப?"

"இப்பதான்."

முதல் டிஸ்க்கின் பலகை பசையோடு சேர்ந்தே உரிந்து வந்தது. சில்லுகள் எல்லாம் பசையில், வெறும் பச்சை எங்கள் கையில். அலாமாக், போச்சே என்றான் மச்சான், அதற்குப் பிறகு நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை. இரண்டாவதை உளியால் நகநகமாகக் கீறினோம். மதியத் தொழுகைக்குப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். கடைக்காரரின் மகன் போய்த் தொழுதுவிட்டுத் திரும்பி வந்தான். அப்போதும் கீறிக்கொண்டிருந்தோம். கடைசியில் பலகை கழன்று வந்தது. ஒரு சில்லு மட்டும் ஒரு பக்கம் காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. மச்சான் கண்ணாடி போட்டுக்கொண்டு அதற்கு ஈயம் வைத்தான். இரண்டு தரம் குறி தவறியது. எங்களுக்கு வயதாகிவிட்டதை அப்போதுதான் கவனித்தேன்.

அங்கேயே, மீதி மேசையின் மேல், என் டிஸ்க்கில் அந்தப் பலகையை மாட்டினோம். மின்சாரம் கொடுத்தோம். டிஸ்க் சுற்றியது! அந்த ஒலியை எனக்குத் தெரியும், தூங்கும்போதும் அடையாளம் சொல்வேன். மச்சான் என் தோளில் அடித்தான். மனைவி எழுந்து நின்றுவிட்டாள். வாய் திறந்து ஏதோ சொன்னாள், காற்று மட்டும் வந்தது.

பிறகு உள்ளே தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு சத்தம்.

மச்சான் ஒயரைப் பிடுங்கினான். ஏறக்குறைய அதே பலகை என்பது அதே பலகை அல்ல. ஒவ்வொரு டிஸ்க்கின் பலகையும் தன்னுடைய தட்டுக்கு மட்டும் பழகியிருக்கும். இதுவும் எங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். எங்கேயோ படித்திருந்தோம்.

அதற்குப் பிறகு கோலாலம்பூருக்கு அனுப்பினேன். கொரியர் கடையில் பார்சலைக் கொடுக்கும்போது, பிள்ளையை விடுதியில் விட்டு வருகிறவனைப் போல இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன். அவர்கள் மரியாதையானவர்கள். முதலிலேயே அனுப்பியிருந்தால் பெரும்பாலும் எடுத்திருக்கலாம், இப்போது தட்டின் மேற்பரப்பே சுரண்டப்பட்டுவிட்டது, வருந்துகிறோம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். மனைவி அதைப் படித்தாள். கைப்பேசியை எடுத்தாள். விரல் அதன்மேல் நின்றது. ஒன்றும் தட்டாமல் திருப்பி மேசையில் வைத்துவிட்டாள். அந்த மரண அறிவித்தல்காரி அன்றைக்கு ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று எனக்கு இருந்தது.

சில நாள் கழித்து மச்சான் வீட்டுக்கு வந்தான். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"இன்னொண்ணு நல்லாதான இருக்கு மச்சான்? பொட்டு வைக்காதது."

"பாதிய வச்சு என்ன பண்ணச் சொல்ற?"

"பாதியாவது கேக்கலாம்லா."

இதை விளக்க வேண்டும். அந்தக் காலத்தில் அவளுடைய பதிவுகளை நான் சுருக்காமல் அப்படியே வைத்திருந்தேன். வேகம் இருக்கும்போது இடத்தைப் பற்றி யார் கவலைப்படுவது? அந்த ஒரு ஊதாரித்தனம்தான் உதவியது. சுருக்காத ஒலியைத் துண்டு துண்டாகவும் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு துண்டும் முக்கால் விநாடிக் குரல். முக்கால் விநாடி இந்த டிஸ்க்கில், அடுத்த முக்கால் விநாடி செத்துப்போன டிஸ்க்கில், அதற்கடுத்தது மறுபடி இதில். இருப்பதை எடுத்து, இல்லாததற்கு அதே அளவு வெற்றிடம் வைத்து வரிசையாக அடுக்கினோம். ஒரு ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் ஸ்பீக்கரை வைத்து ஓடவிட்டேன்.

"வணக்கம் மாண—"

வெற்றிடம்.

"—று நாம் மழை—"

வெற்றிடம்.

"—றிப் படிக்கப் போ—"

மச்சான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். மலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் ஸ்பீக்கரை நிறுத்தக் கையை நீட்டினேன். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் உதடுகள் அசைந்தன. ஸ்பீக்கர் பேசும்போது மூடியிருந்தன, வெற்றிடம் வரும்போது அசைந்தன. '—வர்களே, இன்—' அவளுக்கு எல்லாம் மனப்பாடம். விட்டுப்போன ஒவ்வொரு துண்டையும், சத்தமே இல்லாமல், சரியான இடத்தில் அவள் வைத்துக்கொண்டே போனாள். மழைப்பாடம் முடிந்தது. அடுத்ததைப் போடச் சொல்லி மேசையைத் தட்டினாள். நான் போட்டேன். அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பேசும்போது நான் இப்படிப் பார்த்ததாக நினைவில்லை.

நான்காவதோ ஐந்தாவதோ பாடத்தில் பின்னாலிருந்து ஒரு ஆண்குரல் நுழைந்தது. "பாத்தியா வே—" வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்குப் பிறகு, அவள் ஒலிவாங்கியிலிருந்து முகத்தைத் திருப்பிச் சொன்னது வந்தது.

"சும்மா இருங்க."

முழுசாக. முன்னால் ஒரு சின்ன மூச்சு, கடைசியில் அந்த 'ங்க'வில் கொஞ்சம் சிரிப்பை அடக்கியது, எல்லாம் ஒட்டாமல் வெட்டாமல் அந்த முக்கால் விநாடிக்குள் உட்கார்ந்திருந்தது. மனைவி நிமிர்ந்தாள். மறுபடி போடச் சொன்னாள். மறுபடி. அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சத்தமில்லாமல் எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

துண்டுகளையெல்லாம் பேச்சுப் பயிற்சிப் பெண்ணுக்கு அனுப்பினேன். அவள் முயன்று பார்த்துவிட்டு அழைத்தாள். "அண்ணே, சொல்லு முழுசா இருந்தாத்தான் அது படிச்சுக்குமாம். எல்லாம் நடுவுல அறுந்திருக்கு. சோரிண்ணே." வேறு மென்பொருள் வரலாம், பத்திரமாக வைத்திருங்கள் என்றாள். பத்திரமாக என்ற சொல்லை என்னிடம் சொன்ன இரக்கத்துக்காக அவளுக்கு நன்றி. இப்போது மூன்று இடத்தில் நகல் வைத்திருக்கிறேன். பாதிக் குரலுக்கு மூன்று நகல். டிஸ்க் எதற்கும் பொட்டு வைக்கவில்லை.

செத்த டிஸ்க்கை எறியவில்லை. வருடத்துக்கொரு முறை யாராவது ஏதாவது கண்டுபிடிப்பார்கள் என்று மச்சான் சொல்கிறான். அவன் இப்போது இணையக் குழுவில் சேர்ந்து, சுரண்டிய தட்டிலிருந்து எடுக்க முடியுமா என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவர்கள் அவனையும் அங்கிள் என்கிறார்கள். கடைக்காரரின் மகன் மேசையின் ஓட்டையை அடைக்கவில்லை. அப்படியே விட்டுவைத்திருக்கிறான், வருகிறவர்கள் அதையும் படமெடுக்கிறார்கள்.

அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மனைவி தன் கைப்பேசியில் ஏற்றித் தரச் சொன்னாள். தொட்டால் ஒலிக்கிற பொத்தானாகச் செய்து கொடுத்தேன். மற்றதெல்லாம் இன்னும் மரண அறிவித்தல் குரலில்தான். அரிசி தீர்ந்துவிட்டது, தங்கள் சட்டை கிழிந்துள்ளது, மருத்துவர் வியாழக்கிழமை வரச் சொன்னார். நான் அளவுக்கு மீறிப் பேசும்போது மட்டும் பொத்தானைத் தொடுவாள். சமையலறையிலிருந்து, கல்யாணமான காலத்துக் குரலில், அந்த அடக்கிய சிரிப்போடு வரும்.

"சும்மா இருங்க."

முன்னெல்லாம் சொன்னால் சும்மா இருந்திருக்க வேண்டும். இப்போது காலையில் எழுந்ததிலிருந்து பேச ஆரம்பித்துவிடுகிறேன். ரேம் விலை, அரசியல், அடுத்த வீட்டுக்காரரின் கார், பினாங்குப் பாலம். அவள் அடுப்பில் வேலையாக இருக்கிறாள், பொறுத்துப் பார்க்கிறாள். நான் நிறுத்துவதில்லை. அவள் கைப்பேசியை எடுக்கும்வரை பேசுகிறேன்.